மாம்பழம் இல்லாத சேலம்!

"சேலம் போறோம்மா" என்று போனில் சொன்னதும் அம்மா தூக்கக் கலக்கத்தில், "அப்படியே மாம்பழம் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துடு" என்றாள். டிசம்பர் மாசம் மாம்பழம் ஏது என்று அவளுக்கும் தோன்றவில்லை. பையன் பாஸ்டனில் அல்லவா குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறான் என்றும் தோன்றவில்லை.

இது வேறு சேலம். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கடலோரமாக இருக்கிற குட்டி ஊர். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு தினசரியைப் படித்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். ஜனத்தொகை சுமார் 44,000. மாம்பழம் கிடையாது, ஸ்டீல் பிளான்ட் கிடையாது. ஊரின் ஒரே ஸ்பெஷாலிட்டி, சூனியக்காரிகள்!

இந்தப் பயணத்துக்குக் காரணம் நானல்ல, என் சகதர்மிணி. ஆறு மாச ப்ராஜெக்டுக்காக என்னோடு பாஸ்டன் வந்தவள், பக்கத்துப் பொது நூலகத்தில் கார்டு வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டில் ரசம் தீய ஆரம்பித்தது. அவள் படிப்பதெல்லாம் ஒரே ரகம். சின்ன ஊர். வெளியே பனி. கதாநாயகி ஒரு பேக்கரியோ பழைய புத்தகக் கடையோ நடத்துவாள். பாட்டி விட்டுப்போன மந்திரப் புத்தகம் ஒன்று பரணில் இருக்கும். அதிகப்பிரசங்கித்தனமான பூனை ஒன்று உண்டு. ஊரைவிட்டு ஓடிப்போன பழைய காதலன் சரியாக ஹாலோவீனுக்கோ கிறிஸ்துமஸுக்கோ திரும்பி வருவான். நடுவில் ஒரு மந்திரம் எசகுபிசகாகப் போகும். கடைசி அத்தியாயத்தில் முத்தம், கேக், சுபம்!

கேலி செய்யலாம் என்று ஒன்றைப் புரட்டினேன். எரின் ஸ்டெர்லிங் என்பவர் எழுதி 2021-ல் வந்த 'தி எக்ஸ் ஹெக்ஸ்'. ஏமாற்றிவிட்டுப் போன காதலனை ஒரு பெண் விளையாட்டாகச் சபிக்கிறாள். ஒன்பது வருஷம் கழித்து அவன் அந்த ஊருக்கு வந்து கால் வைத்ததும் சாபம் நிஜமாகவே பலிக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு நான் லைட்டை அணைத்தபோது, "கேலி பண்ணப் படிச்சீங்களாக்கும்?" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது.

இந்த ரகத்துக்கு ஒரு தாய்வீடு உண்டு. ஆலிஸ் ஹாஃப்மன் 1995-ல் எழுதிய 'பிராக்டிகல் மேஜிக்'. மூன்று வருஷத்தில் சான்ட்ரா புல்லக், நிக்கோல் கிட்மன் நடித்துப் படமாகவும் வந்தது. அந்தக் கதையும் இதே மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊர் ஒன்றில்தான் ஆரம்பிக்கிறது. "இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு சேலம் போகலேன்னா பாவம்ங்க" என்றாள். பாவத்துக்குப் பயந்து ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

✦

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் ஒரு போலீஸ் கார். அதன் கதவில் விளக்குமாற்றின் மேல் பறக்கும் சூனியக்காரி! கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். சட்டப்படியான சின்னம்தான். ஊர் ஹைஸ்கூல் டீமின் பெயர்கூட 'விட்சஸ்'. நம்மூர் பள்ளிக்கூட கபடி டீமுக்கு 'மோகினிப் பிசாசுகள்' என்று பேர் வைத்தால் ஹெட்மாஸ்டர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்த்தேன்.

எஸெக்ஸ் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் மந்திரக் கடைகள். மெழுகுவத்தி, மூலிகைப் பொட்டலம், ஸ்படிகக் கல், கைரேகை, சீட்டு ஜோசியம். கையகலத் துடைப்பம் ஒன்றுக்கு இருபது டாலர் கேட்டார்கள். "அந்தக் காசுக்கு எங்க ஊர்ல தெருவையே கூட்டிடலாம்" என்று தமிழில் சொல்லிவிட்டு என் மனைவி ஒன்று வாங்கிக்கொண்டாள். கல்லாவில் இருந்த அம்மாள் கறுப்பு உடுப்பு, கழுத்தில் வெள்ளி நட்சத்திரம், வாய் நிறையச் சிரிப்பு. நிஜமாகவே தன்னை 'விட்ச்' என்று சொல்லிக்கொள்கிறவராம். இது இங்கே ஒரு மதம், 'விக்கா' என்று பேர். 1970-களில் லாரி காபட் என்ற பெண்மணி இந்த ஊரில் கடை போட்டு வெளிப்படையாகவே கறுப்பு அங்கியில் நடமாட ஆரம்பித்தார். மாநில கவர்னரே அவரை சேலத்தின் அதிகாரபூர்வச் சூனியக்காரி என்று கௌரவித்தார். டிசம்பர் 21-ஐ ஒட்டி இவர்களுக்குப் பண்டிகை. வருஷத்தின் நீண்ட இரவு முடிந்து சூரியன் திரும்புகிற நாளாம். நம் உத்தராயணத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி!

கொஞ்ச தூரத்தில் ஒரு வெண்கலச் சிலை. பிறை நிலா மேல் துடைப்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கும் பெண். 1964 முதல் 1972 வரை ஓடிய 'பிவிட்ச்ட்' டி.வி. தொடரின் கதாநாயகி. மூக்கை ஆட்டினால் சமையல் முடிந்துவிடும் மனைவி. 1970-ல் அந்தத் தொடரின் சில எபிசோடுகளை இங்கே வந்து எடுத்தார்கள். டூரிஸ்ட் கூட்டத்துக்கு அது பிள்ளையார்சுழி. 1982-ல் ஹாலோவீன் திருவிழா ஆரம்பித்தார்கள். 2022, 2023 வருஷங்களில் அக்டோபர் மாதம் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். டிசம்பரில் காற்று வாங்குகிறது. காது மடல் உதிர்ந்து விழுகிற மாதிரி குளிர் காற்று.

2005-ல் இந்தச் சிலையை வைத்தபோது உள்ளூர்க்காரர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்களாம். 'சிரிக்கிற சிலைக்கு என்ன எதிர்ப்பு?' என்று நினைத்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது.

✦

முதலில் ஒரு வேடிக்கை. என் மனைவி படிக்கிற புத்தகங்களில் கிறிஸ்துமஸும் சூனியக்காரியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறார்கள் இல்லையா? இந்த ஊரை உண்டாக்கிய ப்யூரிட்டன்களுக்கு இரண்டுமே ஆகாது. பைபிளில் இல்லாத பண்டிகை என்று கிறிஸ்துமஸைத் தடை செய்தார்கள். 1659-லிருந்து 1681 வரை, டிசம்பர் 25 அன்று வேலைக்கு மட்டம் போட்டு விருந்து சாப்பிட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம்! மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் அரசாங்க விடுமுறை ஆனதே 1856-ல்தான். லீவு கொடுக்காத மேனேஜர்கள் அந்தப் பரம்பரையில் வந்தவர்களாக இருக்கலாம்.

1626-ல் குடியேறி, மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வைத்த பெயர் சேலம். எபிரேய மொழியில் 'சமாதானம்' என்று அர்த்தம். சமாதானம் 1692 வரை தாக்குப்பிடித்தது.

அந்த வருஷ ஆரம்பத்தில், சேலம் கிராமத்தில் (இன்று அது டான்வர்ஸ் என்ற தனி ஊர்) பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு என்னமோ வந்தது. ஒருத்தி மகள், ஒன்பது வயது. இன்னொருத்தி உறவுக்காரப் பெண், பதினொன்று. உடம்பை முறுக்கினார்கள், கத்தினார்கள், மேஜைக்கடியில் ஒளிந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு 'சூனியம்' என்றார். யார் வைத்தது? சிறுமிகள் மூன்று பேரைக் கைகாட்டினார்கள். வீட்டு அடிமைப்பெண் டிடுபா. பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட். சர்ச்சுக்கு வராமல் படுக்கையில் கிடந்த சாரா ஆஸ்போர்ன். எதிர்த்துப் பேச நாதியில்லாத மூன்று பேர். எந்த ஊரிலும் முதல் கல் அந்த வீட்டுக் கூரையில்தான் விழும்.

பிறகு விரல்கள் நீண்டுகொண்டே போயின. 150 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். சாராவின் மகள், நாலைந்து வயசுக் குழந்தை, அவளையும் சங்கிலி போட்டு எட்டு மாசத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள்.

சாட்சி என்ன தெரியுமா? "இவளோட உருவம் ராத்திரி வந்து என்னைக் கிள்ளிச்சு." அவ்வளவுதான். "நான் அப்ப என் வீட்டுல இருந்தேனே?" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. உடம்பு வீட்டில் இருக்கலாம், ஆவி வந்ததே! மறுக்கவே முடியாத சாட்சி. இன்னொரு விசித்திரம்: "ஆமா, நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர் ஒருவரும் தூக்கில் தொங்கவில்லை. "சத்தியமா இல்லை" என்றவர்கள்தான் தொங்கினார்கள். பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் கயிறு.

பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். பதினாலு பெண்கள், ஐந்து ஆண்கள். (எரித்ததாக நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும்தான். இங்கிலாந்துச் சட்டப்படி கயிறுதான்.) கைல்ஸ் கோரி என்ற எண்பது வயதை ஒட்டிய கிழவர், குற்றம் செய்தேன் என்றோ செய்யவில்லை என்றோ பதில் சொல்லவே மறுத்தார். அவரைப் படுக்கவைத்துப் பாறாங்கற்களை அடுக்கிக்கொண்டே போய்க் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே செத்தார்கள்.

✦

ஊர் நடுவில், பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன மைதானம். 1992-ல், முந்நூறு வருஷம் கழித்துக் கட்டிய நினைவிடம். வாசல் கல்லில் அந்த மனிதர்கள் கோர்ட்டில் சொன்ன வார்த்தைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். வாக்கியம் பாதியில் சுவருக்கடியில் போய் மறைந்துவிடுகிறது. சொல்லி முடிக்க யாரும் விடவில்லை.

உள்ளே சுற்றிலும் தாழ்வான கல் சுவர். அதிலிருந்து நீட்டிக்கொண்டு இருபது கல் பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எப்படிச் செத்தார், தேதி. பனி விழுந்து பாதி மூடியிருந்தது. யாரோ பூ வைத்திருந்தார்கள், சில்லறைக் காசு வைத்திருந்தார்கள். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாத்தோர்ன் புதைந்திருக்கிறார். அவருடைய வம்சத்தில் 1804-ல் இதே ஊரில் பிறந்தவர்தான் நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதார்ன். தன் பெயரின் ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். தாத்தாவின் தாத்தா செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டுத்தான் என்று சொல்வார்கள்.

என் மனைவி ரெபெக்கா நர்ஸ் என்ற பெயர் முன்னால் நின்றுவிட்டாள். எழுபத்தோரு வயசுப் பாட்டி. காது மந்தம். ஊரே மதித்த பெண்மணி. அவளைப் பிடித்தபோது அக்கம்பக்கத்துக்காரர்கள் 39 பேர் "இவள் நல்லவள்" என்று ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சமயத்தில் கையெழுத்துப் போடுவது என்றால் "அடுத்து என் பேரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி. ஜூரிகள் முதலில் "குற்றவாளி இல்லை" என்றார்கள். சிறுமிகள் மறுபடி அலறினார்கள். தலைமை நீதிபதி "இன்னொரு தரம் யோசியுங்கள்" என்றார். யோசித்து, தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலை 19-ல் தூக்கு.

"முப்பத்தொன்பது பேர்!" என்றாள் என் மனைவி. "நாமளா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்போமா?"

சும்மா கேட்டாள். எனக்குத்தான் அந்தக் குளிரிலும் முதுகு வேர்த்தது.

ஏழு வருஷத்துக்கு முந்தி சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒரு டெண்டரில் எங்கள் விலை வெளியே கசிந்துவிட்டது. "அன்னைக்கு ராத்திரி ஆபீஸ்ல தனியா இருந்தது யாரு?" என்று விசாரணை. ரெஜிஸ்டரில் எங்கள் செக்‌ஷன் சீனியரின் பெயர். ஒன்பதரை வரை இருந்திருக்கிறார். "இவன்தான் ஒரு ஸ்டேட்மென்ட் முடிச்சுத் தரச் சொன்னான்" என்று என்னைக் காட்டினார். உண்மை. கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போக வேண்டும் என்று என் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு ஐந்தரைக்கே ஓடியவன் நான். அந்த மாசம் ப்ரமோஷன் லிஸ்ட் வர இருந்தது. "நான் சொன்னதா ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

ஐந்தே வார்த்தை. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ப்ரமோஷன் வந்தது. அதில்தான் கல்யாணமே நிச்சயமாயிற்று.

இதை அந்தக் கல் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கையிலிருந்த இருபது டாலர் துடைப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்டல்ல சொல்லணும்?"

"இப்ப அங்க ராத்திரி ரெண்டு மணி."

"அவர் தூங்கட்டும். நீங்க தூங்காதீங்க."

✦

நாலேகாலுக்கே இருட்டிவிட்டது. மாலை ரயிலில் அவள் நாவலைத் திறக்கவில்லை. ஜன்னலில் சின்னச் சின்ன ஊர்களின் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஓடின. எல்லாமே அந்தப் புத்தக அட்டைகள் மாதிரிதான் இருந்தன.

"இந்தக் கதையெல்லாம் படிக்கிறது தப்போன்னு தோணுதுங்க" என்றாள். அப்படித் தோன்றவில்லை எனக்கு. அந்தக் கதைகளில் தனியாக வாழ்கிற பெண்ணை, பூனை வளர்ப்பவளை, மூலிகை தெரிந்தவளை ஊர் வரிசையில் நின்று கேக் வாங்கிக் கொண்டாடுகிறது. அன்றைக்கு நிஜத்தில் நடந்ததற்கு நேர் எதிராக ஒரு முடிவை எழுதிப் பார்க்கிறார்கள். நிஜமோ இன்னும் முடியவில்லை. நம் நாட்டிலேயே சூனியக்காரி என்று பட்டம் கட்டி அடிப்பதைத் தடுக்க பீகார் 1999-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் போட்டன.

சேலத்துக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தப்பை ஒப்புக்கொண்டார்கள். அக்டோபர் 1692-ல் கவர்னர் அந்தக் கோர்ட்டையே கலைத்தார். 1697-ல் நீதிபதி சாமுவேல் சூவல், சர்ச்சில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, தன் மன்னிப்பைப் பாதிரியாரை விட்டுப் படிக்கச் சொன்னார். கைகாட்டிய பெண்களில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706-ல், பதினாலு வருஷம் கழித்து, அதே மாதிரி நின்றாள். 1711-ல் குடும்பங்களுக்கு 578 பவுண்டு 12 ஷில்லிங் நஷ்டஈடு. தூக்கில் போட்ட இடம் இதுதான் என்று 2016-ல் உறுதியாயிற்று. ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் பாறைச் சரிவு. அடுத்த வருஷமே அங்கேயும் ஒரு நினைவுச் சுவர் எழுப்பினார்கள்.

கடைசியாக ஒருத்தி பாக்கி இருந்தாள். எலிசபெத் ஜான்ஸன். தண்டனை விதித்தும் தூக்கு நிறைவேறாமல் தப்பியவள். மற்றவர்கள் பெயரையெல்லாம் சட்டம் போட்டுத் துடைத்தபோது இவள் பெயர் மட்டும் விடுபட்டுப்போனது. பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, மனு எழுதி, விடாமல் துரத்தி, 2022-ல் அவளை நிரபராதி ஆக்கினார்கள். 1693-ல் தீர்ப்பு. 329 வருஷம்!

ராத்திரி எட்டரைக்கு, அதாவது சென்னையில் காலை ஏழு மணிக்கு, பழைய நண்பனிடம் நம்பர் வாங்கி டயல் செய்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"யாருப்பா?"

பெயரைச் சொன்னேன். "அடேடே" என்றார். ஊர் விசாரித்தார், குளிரா என்றார். தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் தொண்டையில் மாட்டிக்கொண்டன. எப்படியோ சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவர் குரல் கேட்கவில்லை.

கடைசியில், "அந்த ஸ்டேட்மென்ட்ல மூணாவது பக்கம் டோட்டல் தப்பாப் போட்டிருந்தே. நான் திருத்தி வெச்சேன். பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன் சார்."

"சரி. காபி ஆறுது. அப்புறம் பேசறேன்."

மன்னித்தாரா இல்லையா, தெரியாது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த வேலையைக் கொடுத்தது நான்தான், விசாரணையில் பொய் சொன்னது நான்தான் என்று தேதி போட்டு, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். காப்பி அவருக்கு.

அனுப்பி மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. துடைப்பம் மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பதில் வர 329 வருஷம் ஆகாது என்று நம்புகிறேன்.